துரைக்காக மட்டும்

பிப்ரவரி 3

தங்கச்சிக்கு,

உன் விலாசத்தை மீன்கடைக்காரரிடம் வாங்கினேன். அவரைத் திட்டாதே. "யாருக்கும் தரக் கூடாதுன்னு தங்கச்சி சொல்லியிருக்கு சார்" என்று முதலில் கையை விரித்துவிட்டார். போனில் நான் எடுத்து வைத்திருந்த துரையின் படத்தைப் பார்த்த பிறகுதான் சீட்டில் எழுதிக் கொடுத்தார். என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய், அதனால்தான் கடிதம். கடைசியாக நான் எழுதிய கடிதம் பள்ளிக்கூடத்து விடுப்புக் கடிதமாகத்தான் இருக்கும். "உடல்நிலை சரியில்லாத காரணத்தால்" என்றே கை தானாகத் தொடங்குகிறது.

உடல்நிலை சரியில்லாதது துரைக்கு. அவன் இனத்துக்கு மாண்டரின் மீன் என்று பெயர் என்பதே இப்போது கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ போன பிறகு குச்சித் தீனி, உறைய வைத்த இறால், வாங்க முடிந்ததையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாள் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டே போகிறான், ஆனால் அங்கே ஒன்றும் கிடைப்பதாகத் தெரியவில்லை. வயிறு உள்வாங்கிவிட்டது. தலைக்குப் பின்னால் முதுகில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது.

நாலடித் தொட்டியில் இருக்கும் ஒரே மீன் அவன். வீட்டில் நானும் அவனும்தான்.

இதற்கு அடுத்து எழுதிய வரியை அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே. அவனை எப்படிக் காப்பாற்றுவது என்று மட்டும் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 10

உன் கடிதம் வந்துசேர ஐந்து நாள் ஆகியிருக்கிறது. இதுவும் அப்படித்தான் ஆகும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

துரைக்காக மட்டும் இதை எழுதுகிறேன். நீயும் துரையைப் பற்றி மட்டும் எழுது. வீட்டைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ உன்னைப் பற்றியோ எழுதினால் பதில் வராது. துரை இல்லை என்றால் கடிதமும் இல்லை.

துரை உயிருள்ளதை மட்டும்தான் தின்பான். கோப்பிபாட் என்று ஊசிமுனை அளவில் ஒரு கடல் பூச்சி. அதை நான் வளர்த்து வாரம் இரண்டு முறை ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மாவின் அறை ஜன்னலில் பச்சைத் தண்ணீரோடு வரிசையாகப் பாட்டில்கள் இருந்தன. "பாசி பிடிச்ச பாட்டில்" என்று மூன்றாம் நாளே கழுவிக் கவிழ்த்தாயே, அவைதான். நீ கழுவியது துரையின் சமையலறையை.

இனி பாட்டில் வளர்க்க நான் அங்கே இல்லை. யாரும் ஊற்றாமலே சாப்பாடு விளைய வழி செய்ய வேண்டும். அதற்குப் பெயர் ரெஃப்யூஜியம். அடைக்கலத் தொட்டி என்று வைத்துக்கொள். பெரிய தொட்டித் தண்ணீரே அதன் வழியாகப் போய் வரும், ஆனால் மீன் உள்ளே போக முடியாது. பூச்சிகள் பயமில்லாமல் அங்கே குடும்பம் நடத்தும். பெருகியவற்றில் கொஞ்சம் தண்ணீரோடு மேலே போய்த் துரையின் வாயில் விழும்.

தொட்டிக்குக் கீழே அலமாரியைத் திற. உள்ளே கண்ணாடித் தடுப்புகளால் மூன்றாகப் பிரித்த கீழ்த்தொட்டி இருக்கும். நடு அறையில் உள்ள பஞ்சை எடுத்துவிடு. கடைக்காரரிடம் உடைத்த கடற்பாறைத் துண்டும் பச்சைப் பாசிப் பந்து ஒன்றும் வாங்கி அங்கே போடு. தண்ணீர் அந்த அறைக்குள் மெதுவாக நகர வேண்டும், வேகமாக ஓடினால் பூச்சி தங்காது. அதற்கு மேல் ஒரு செடி விளக்கு. மேலே விளக்கு அணையும்போது கீழே எரிய வேண்டும், மேலே எரியும்போது கீழே அணைய வேண்டும். அப்படி வைத்தால்தான் இரவில் தண்ணீரின் தன்மை கெடாது. கடைசியாக இரண்டு பாட்டில் பூச்சி வாங்கி ஊற்று.

இவ்வளவுதான். குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்த மாதிரி இருக்கிறது எனக்கு. வேறு வழியில்லை.


பிப்ரவரி 17

தங்கச்சிக்கு,

எல்லாம் செய்துவிட்டேன். துரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், பார்.

பஞ்சை எடுத்தேன். அது அடித்த வாடையைப் பற்றி எழுதினால் என் மூக்கைப் பற்றி எழுதியதாகிவிடும், வேண்டாம். பாசிப் பந்து பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரி சிக்கலாக இருக்கிறது. கடைக்காரரே வீட்டுக்கு வந்து பூச்சி பாட்டிலை ஊற்றினார். "நல்லாப் பாருங்க சார், ஓடுது பாருங்க" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓடுவதாக ஒப்புக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறையில் எனக்குப் பதினெட்டு வருஷம். கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் நீல உறையில் கட்டி, டேப் ஒட்டி, நீராவிப் பெட்டியில் வைத்து, டேப்பில் கோடு கறுத்த பிறகுதான் வெளியே அனுப்புவோம். கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் கொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். இப்போது கண்ணுக்குத் தெரியாததை வளர்க்கச் சொல்கிறாய். இது என்னைப் பற்றி இல்லை. வேலையாளின் தகுதி பற்றித் துரை சார்பில் ஒரு எச்சரிக்கை.

மேல் விளக்கு மாலை ஏழுக்கு அணைகிறது, கீழ் விளக்கு அதே நிமிஷம் எரிகிறது. அலமாரிக் கதவு சரியாக மூடாததால் இளஞ்சிவப்பாக ஒரு கோடு கூடத்துத் தரையில் நாற்காலி வரை நீளுகிறது. கூடத்து விளக்கை இப்போது போடுவதே இல்லை. அந்தக் கோடு போதுமாக இருக்கிறது.

துரை அப்படியேதான் இருக்கிறான், இன்னும் மெலியவில்லை.

அண்ணன்


பிப்ரவரி 25

கதவை மணிக்கொரு தரம் திறந்து பார்க்கிறாய் என்று தெரிகிறது. திறக்காதே.

ஆறு வாரத்துக்கு அந்த நடு அறையில் கை வைக்கக் கூடாது. கண்ணாடியில் படலம் படியும், பாசியில் பழுப்பாக ஏதாவது ஒட்டும், அடியில் சேறு சேரும். சேரட்டும். அழுக்கு என்று உனக்குத் தோன்றுவதில்தான் அவை வாழும். துடைக்காதே, தேய்க்காதே, உறிஞ்சாதே.

அதுவரை வாரம் ஒரு பாட்டில் பூச்சியை மேலே பாறை இடுக்கில் நேராக ஊற்று. யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆனாலும் ஆறு வாரம் தாக்குப்பிடிப்பான்.

வேலையாளின் தகுதி எனக்குத் தெரியும்.


மார்ச் 8

தங்கச்சிக்கு,

ஒரு பெரிய ஆபத்தைத் தடுத்துவிட்டேன்!

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். (திறக்காதே என்றாய், தெரியும். ஒரே ஒரு தரம்.) நீ சொன்னது ஊசிமுனை அளவுப் பூச்சி. நான் பார்த்தது அரை அரிசி நீளம், முதுகு வளைந்து, பல கால்களோடு பாசிப் பந்துக்குள் நெளிந்து ஓடுகிறது. ஒன்று இரண்டு இல்லை, டார்ச் பட்ட இடமெல்லாம். வேறு ஏதோ கிருமி நுழைந்து நம் பூச்சிகளைத் தின்கிறது என்று புரிந்துவிட்டது. பாசி முழுக்கப் பழுப்புச் சளி வேறு.

உனக்கு எழுதிப் பதில் வரப் பத்து நாள் ஆகும். அதற்குள் எல்லாம் போய்விடுமே என்று பாசிப் பந்தை வெளியே எடுத்துக் குழாய்த் தண்ணீரில் ஏழெட்டு முறை அலசினேன். கடைசி அலசலில் தண்ணீர் பளிங்கு மாதிரி வந்தது. பாறைத் துண்டுகளைத் தூரிகையால் தேய்த்தேன். கண்ணாடியை வினிகர் போட்டுத் துடைத்தேன், மறக்காமல் நன்றாகக் கழுவியும் விட்டேன். இப்போது நீ பார்க்க வேண்டும், அறுவை அறையில் வைக்கலாம்.

துரை கொஞ்சம் சோர்வாக இருக்கிறான். இனிமேல் தேறிவிடுவான்.

அண்ணன்


மார்ச் 14

நீ அலசிக் கொன்றது அவனுடைய சாப்பாட்டை.

அந்த அரை அரிசி நீளப் பூச்சியும் நம்முடையதுதான். பாறைத் துண்டோடு வந்தது. அதன் குஞ்சுகளையும் துரை தின்பான். கடல் உயிரைக் குழாய்த் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? இரண்டே வாரத்தில் டார்ச் பட்ட இடமெல்லாம் ஓடும் அளவுக்குப் பெருகியிருந்தன. இவ்வளவு வேகமாக எனக்கே ஒருநாளும் வளர்ந்ததில்லை. அடைக்கலத் தொட்டி கை நிறையக் கொடுத்தது. அதை நீ பளிங்கு மாதிரி ஆக்கிவிட்டாய்.

நீ என்றைக்கும் இப்படித்தான். உயிர் இருந்த அடையாளம் எங்கே தெரிந்தாலும் உனக்குக் கை அரிக்கும். அம்மா போன மூன்றாம் நாள் நான் வேலைக்குப் போய்விட்டு வந்தேன். காலையில் அம்மாவின் அறையாக இருந்தது, மாலையில் ஆஸ்பத்திரி வராந்தா. மெத்தை இல்லை, போர்வை இல்லை, பிளீச்சிங் நெடி. மேஜை மேல் அம்மாவின் சீப்பு மட்டும் இருந்தது. அதையும் கொதிக்க வைத்திருந்தாய். பல்லிடுக்கில் ஐந்தாறு நரைமுடி இருந்தது அண்ணா. காலையில் கிளம்பும்போது பார்த்துவிட்டுத்தான் போனேன். வந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். "எல்லாம் சுத்தமாயிடுச்சும்மா, இனிமே பயமில்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய்.

யாருக்குப் பயம்? எதற்குப் பயம்?

அம்மாவைப் பற்றி எழுதாதே என்று சொன்னது நான்தான். மீறியதும் நான்தான். கிழித்துவிட்டு வேறு எழுத எனக்குப் பொறுமையில்லை. இரண்டு பாட்டில் வாங்கி மறுபடி முதலிலிருந்து தொடங்கு. முட்டையிலிருந்து பொரித்த இறால் குஞ்சும் கொடு, கடைக்காரர் சொல்லித் தருவார்.


மார்ச் 21

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே கடைக்குப் போனேன். புதுப் பாசி, புதுப் பாறை, மூன்று பாட்டில். அலமாரிக் கதவில் டேப் ஒட்டிவிட்டேன். நான் திறந்தால் கிழியும், எனக்கே தெரியும். இறால் முட்டையை உப்புத் தண்ணீரில் காற்று விட்டுப் பொரித்தும் பழகிவிட்டேன். ஒன்றிரண்டைத் துரை கொத்தினான். இதோடு துரை விஷயம் முடிந்தது. இனி எழுதப் போவதற்கு நீ பதில் போட வேண்டாம்.

யாருக்குப் பயம் என்று கேட்டாய். எனக்குத்தான்.

அம்மாவுக்கு வந்தது கிருமித் தொற்று என்று டாக்டர் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் சட்டையைத்தான் பார்த்தேன். வேலை முடிந்து வந்ததும் உடை மாற்றாமல் அம்மா கட்டிலில் உட்கார்ந்து பேசுவேனே, ஒரு நாளா இரண்டு நாளா? நீ எத்தனை முறை "சட்டையை மாத்திட்டு வந்து உக்காருண்ணா" என்று சொல்லியிருக்கிறாய். அம்மாதான் "வுடு, பாவம், அலுத்து வந்திருக்கான்" என்பாள். பதினெட்டு வருஷம் ஊராருக்கெல்லாம் கிருமியைக் கொன்றுவிட்டு, என் தாய்க்கு நானே அதைச் சுமந்துகொண்டு வந்தேனோ என்று தோன்றிவிட்டது. அப்புறம் எனக்குக் கை நிற்கவில்லை. அது உன்னையும் பிடித்துவிடக் கூடாது என்று கண்ணில் பட்டதையெல்லாம் கழுவினேன். அந்த மூன்று நாளும் நான் அழவில்லை, கழுவினேன். முடியை நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் கொதிக்கத்தான் வைத்திருப்பேன், பொய் சொல்ல விரும்பவில்லை.

உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ பெட்டி கட்டும்போதுகூட வரவில்லை.

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

நாலு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் துரை விஷயம்: மூன்று பாட்டில் ஊற்றியது நல்லது. டேப்பைக் கிழிக்காதே. இறால் குஞ்சைப் பொரித்த அன்றே கொடு, மறுநாள் அதில் சத்து இருக்காது. விளக்கு அணைய ஒரு மணி நேரம் முன்னால் கொடு.

இப்போது மற்றது. டாக்டரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். அம்மா போன மறுநாளே. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வெளியிலிருந்து வந்ததில்லை, பித்தப்பையில் கல் அடைத்து உள்ளேயே சீழ் பிடித்தது, அங்கிருந்துதான் ரத்தத்தில் பரவியது என்று படம் போட்டுக் காட்டினார். உன் சட்டைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது உனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. நான் டாக்டர் அறையில் இருந்தபோது நீ வீட்டில் வாளியும் கையுமாக இருந்திருக்கிறாய்.

என் கோபம் போய்விட்டது என்று எழுத முடியவில்லை. சீப்பை நினைத்தால் இன்னும் எரிகிறது. ஆனால் நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று இப்போது தெரிகிறது. அதற்கு மேல் எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும்.

துரை எப்படி இருக்கிறான்? மறைக்காமல் எழுது.

தங்கை


ஏப்ரல் 8

அன்புத் தங்கச்சிக்கு,

துரை நன்றாக இருக்கிறான்! வயிறு உருண்டுவிட்டது. முதுகுப் பள்ளம் மறைந்தே போய்விட்டது. நீல வரியெல்லாம் புதுச் சாயம் போட்ட மாதிரி இருக்கிறது. நான் கிட்டே போனாலே மேலே வந்து தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து நிற்கிறான். சேட்டை தாங்கவில்லை.

டாக்டர் சொன்னதை நீ எழுதிய பக்கத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். வேலையிடத்தில் உள்ளே போகும்போது மட்டும் எடுத்துப் பெட்டியில் பூட்டுகிறேன், காகிதம் உள்ளே அனுமதியில்லை.

அலமாரியில் டேப் கிழியவில்லை. கதவிடுக்கில் தெரியும் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பொடிப்பொடியாக வெள்ளையாக ஓடுகின்றன. இப்போது எனக்கே தெரிகிறது, கடைக்காரருக்காக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

உன் அண்ணன்


ஏப்ரல் 16

அண்ணா,

துரை தேறியது சந்தோஷம். என்ன கொடுக்கிறாய், எத்தனை மணிக்குக் கொடுக்கிறாய், எந்தப் பாறைக்குக் கீழே தூங்குகிறான், எல்லாம் விவரமாக எழுது.

அவனிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் சேதி இருக்கிறது. நீ படித்துக் காட்டு. நான் இங்கே ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் பின்கட்டில் லென்ஸ் தேய்க்கிறேன். முன்னால் கூட்டம், பேச்சு, சிரிப்பு. பின்னால் நானும் தேய்க்கும் எந்திரமும். நாளெல்லாம் என்னிடம் பேசப்படும் ஒரே வார்த்தை "ரெடியா?" ஜன்னல் போன்ற ஓட்டையில் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அறைக்கு வந்து ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்துச் சுவர், கையை நீட்டினால் தொடலாம். அந்தப் பக்கம் யாரோ தினமும் ஆறு மணிக்குத் தும்முகிறார்கள். ஏழு தும்மல். போன வாரம் இரண்டு நாள் சத்தமில்லை. எனக்கு வேலையே ஓடவில்லை துரை, யாரென்றே தெரியாத ஆளுக்கு என்ன ஆச்சோ என்று. மூன்றாம் நாள் தும்மினார். நான் இந்தப் பக்கம் கை தட்டினேன்.

இதற்கு அவன் என்ன சொல்கிறான் என்று எழுது.

தங்கை


ஏப்ரல் 25

அன்புத் தங்கச்சிக்கு,

படித்துக் காட்டினேன். நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, இரண்டு தரம்.

துரை சொல்கிறான்: "தும்முற ஆளுக்கு ஒரு நாள் கதவைத் தட்டி மாத்திரை குடு. ஜன்னல்ல கை தட்டிக்கிட்டிருந்தா அவருக்கு எப்படித் தெரியும்?" மேலும் சொல்கிறான்: "ரெடியான்னு கேக்கறவங்ககிட்ட ஒரு நாள் 'இல்ல'ன்னு சொல்லிப் பாரு, அப்ப ரெண்டாவது வார்த்தை பேசுவாங்க." அவன் மூளைக்கு நான் பொறுப்பில்லை.

காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் சாப்பாடு. இடதுபக்கத் தட்டைப் பாறைக்குக் கீழே தூங்குகிறான். நேற்று ஒரு பூச்சியைத் துரத்திக்கொண்டு கண்ணாடியில் முட்டிக்கொண்டான். நான் சிரித்தேன். சத்தம் கேட்டு எனக்கே திக்கென்றது, வீட்டில் யாரோ சிரிக்கிறார்களே என்று.

அவன் உன்னைக் கேட்கிறான். நான் இல்லை, அவன்தான்.

உன் அண்ணன்


மே 5, திங்கள்

தங்கச்சிக்கு,

என் போன கடிதத்துக்கு இன்னும் உன் பதில் வரவில்லை. வருவதற்குள் எழுதிவிடுகிறேன். வந்துவிட்டால் மறுபடியும் பொய் எழுதிவிடுவேன்.

துரை ஏப்ரல் மூன்றாம் தேதி செத்துவிட்டான்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது காணவில்லை. மாலையில் வந்து தேடினேன், பாறைக்குப் பின்னால் கிடந்தான். தொட்டியிலிருந்த நத்தைகள் மேலே ஏறியிருந்தன. நிறம் மட்டும் போகவே இல்லை. கையில் எடுத்தபோது ஒரு கனமும் இல்லை, நிறம் மட்டும் இருந்தது. வேலையிடத்து நீல உறையில் ஒரு துண்டு வீட்டில் கிடந்தது. அதில் மடித்துக் கட்டினேன், கை பழக்கத்தில் டேப்பும் ஒட்டிவிட்டேன். கொல்லைக் குழாயடியில் புதைத்தேன். நான் அலசியதால்தான் செத்தான். புதிதாக ஊற்றியவை பெருகும்வரை அவனால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் நாலாம் தேதி உன் கடிதம் வந்தது. டாக்டர் சொன்னது எல்லாம் எழுதியிருந்தாய். நாலு மாதத்தில் முதல் முறையாக "அண்ணா" என்று தொடங்கியிருந்தாய், "தங்கை" என்று முடித்திருந்தாய். கீழே, துரை எப்படி இருக்கிறான் என்று கேட்டிருந்தாய். துரை இல்லை என்றால் கடிதமும் இல்லை என்றும் நீதானே எழுதியிருந்தாய். நான் என்ன செய்வேன், சொல். ஒரு கடிதத்துக்கு மட்டும் உயிரோடு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் நீ உன் அறையைப் பற்றி எழுதினாய். அதைக் காலித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து உண்மையாகவே சத்தமாகப் படித்தேன். அது பொய் இல்லை.

கொடுமை என்னவென்றால், இப்போது அடைக்கலத் தொட்டி நிரம்பி வழிகிறது. மேல் தொட்டிக் கண்ணாடியெல்லாம் அந்தப் பொடிப்பூச்சிகள்தான். நூறு பேருக்குச் சமைத்துவிட்டு இலை போட ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிடப் போகிறேன்.

நீ போட்ட நிபந்தனை எனக்கு நினைவிருக்கிறது. இதற்குப் பதிலை எதிர்பார்க்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்காதே, சுவர்ப்பக்கம் ஈரம் ஏறும்.

அண்ணன்


மே 5, திங்கள்

அண்ணா,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே தெரியாது.

மாண்டரின் மீன் சாப்பாட்டுக்காகத் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறக்காது. அதைச் செய்வது கோமாளி மீன். கடைக்காரர் தொட்டியில் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறாய். முதுகு பள்ளம் விழுந்த மீனுக்கு இரண்டு மூன்று வாரத்தில் வயிறு உருளவும் உருளாது. உன் ஏப்ரல் எட்டாம் தேதிக் கடிதத்தில் நாலாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். துரைக்காகத்தான் என்று முதலில் நினைத்தேன். அவனுக்கு மட்டும் இல்லை.

தெரிந்தும் ஏன் கேட்டேன் என்று நீ கேட்கலாம். நிபந்தனை போட்டவளே நான்தானே. துரை செத்தது எனக்குத் தெரியும் என்று எழுதினால் அதற்கு அப்புறம் எழுத எனக்கு ஒரு காரணமும் இருக்காது. நானே போட்ட பூட்டு, சாவியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அதனால் எந்தப் பாறைக்குக் கீழே தூங்குகிறான் என்று கேட்டேன். நீயும் கூசாமல் இடதுபக்கத் தட்டைப் பாறை என்று எழுதினாய். அந்த வரியைப் படித்துத் தேய்க்கும் எந்திரத்துக்கு முன்னால் நான் சிரித்த சிரிப்பில் முன்கட்டிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்து "என்ன ஆச்சு?" என்று கேட்டார். இங்கே வந்து எனக்குக் கிடைத்த இரண்டாவது வார்த்தை அதுதான்.

அலசியதால்தான் போனான் என்று உன்னையே அடித்துக்கொண்டிருப்பாய். ஓரளவு அது நிஜம். ஆனால் பாட்டில்களை உன்னிடம் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லாமல் இரண்டு வருஷம் ஜன்னலில் வைத்திருந்ததும், சண்டையில் அவனை அப்படியே விட்டுவிட்டு வந்ததும் நான். ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வோம்.

நான் இப்போது அங்கே வர மாட்டேன். அந்த அறையைப் பார்க்க இன்னும் தெம்பு இல்லை. வருவேன் என்று பொய்யாக ஒரு தேதி எழுத எனக்கு மனமில்லை, பொய் எழுதுவது உன் இலாகா.

ஆனால் ஒன்று. நீ தொட்டியைக் கழுவப் போகிறாய். எனக்குத் தெரியும், விடுமுறை நாளுக்காகக் காத்துக்கொண்டிருப்பாய். கழுவாதே அண்ணா. தின்ன ஆளில்லாவிட்டாலும் அவை அங்கே இருந்துவிட்டுப் போகட்டும். கீழ் விளக்கை அணைக்காதே. இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதி நேராகத் தபாலாபீசில் போடுகிறேன்.

இனிமேல் மீனைப் பற்றி எழுத வேண்டாம். நீ யாரோடு பேசுகிறாய்? வேலை முடிந்து வந்து என்ன சாப்பிடுகிறாய்? சட்டையை மாற்றாமல் எந்த நாற்காலியில் உட்காருகிறாய்? அதை எழுது. பதில் வரும்.

தங்கச்சி